லொறியின் புத்தகம் யார் கையில்?

கொழுந்து லொறி ஒன்று பள்ளத்தில் சரிந்தால் முதலில் ஓடிவருவது லயத்து ஆட்கள்தான். கயிறு கட்டி இறங்குவதும், சாக்குகளைத் தள்ளிவிட்டு ஆளைத் தேடுவதும், 1990க்கு அழைப்பதும், கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவதும் நாம்தான். அதே நேரத்தில் தோட்டத்து ஆபீசிலோ லொறிச் சொந்தக்காரர் வீட்டிலோ வேறொரு வேலை நடக்கும். அலுமாரி திறக்கப்படும். அந்த லொறியின் புத்தகங்கள் மேசைக்கு வரும். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாம் தலையிட்ட விபத்துகளில் பெரும்பாலும் புத்தகங்களைத் தேடி நாம் போனபோது யாரோ நமக்கு முன்பே போயிருந்தார்கள்.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. பிரேக் எப்படி இருந்தது, சாரதி தூங்கினாரா, எத்தனை பேரை ஏற்றினார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கொழுந்து லொறி புரண்டு ஓர் உயிர் போனால், ஆட்களை ஏற்றிய ட்ரெக்டர் பெட்டி கவிழ்ந்து நாலு பேர் முடமானால், பத்திரிகையில் நாலு வரி வரும். அதற்குமேல் கேள்வி கேட்க ஆள் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் கடதாசி வேண்டும்.

எமது பகுதியில் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறது.

கொழுந்து கூடிய காலம். அந்தி நிறுவை முடிந்து லொறி ஸ்டோருக்குப் போகும் வழியில் ஒரு முடக்கில் சரிந்தது. லொறி தோட்டத்துடையது அல்ல, கொந்தராத்துக்காரருடையது. சாக்கு ஏற்றும் பையன் பின்னால் இருந்தான். இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்த பிறகும் பாரம் தூக்க முடியாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். நட்டஈடு கேட்டுப் போனோம். நிர்வாகம் சொன்னது: லொறி எங்களுடையது இல்லை, கொந்தராத்துக்காரரைக் கேளுங்கள். கொந்தராத்துக்காரர் சொன்னார்: எனக்கு வேலை செய்வது டிரைவர் மட்டும்தான், இந்தப் பையன் டவுனுக்குப் போக லொறியில் தொத்திக்கொண்டவன். செக்ரோலைப் பார்த்தோம். அன்றைக்கு அவனுக்கு அரைப்பேர்தான் விழுந்திருந்தது. அதாவது கடதாசியின்படி பகலோடு வேலை முடித்து வீட்டுக்குப் போய்விட்டவன். காலை நிறுவை தொடக்கம் மூன்று நிறுவைக்கும் சாக்குத் தூக்கியவன், எந்தக் கடதாசியிலும் தொழிலாளியாக இல்லை.

அவனைக் காப்பாற்றியது கொழுந்து மடுவத்தில் இருந்த ஒரு சிட்டைப் புத்தகம். ஒவ்வொரு நிறுவைக்கும் எத்தனை சாக்கு, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு ஏறியது என்று கணக்கப்பிள்ளை எழுதுவார். ஏற்றியவர் கீழே கையெழுத்து வைப்பார். அந்தி நிறுவைச் சிட்டையில் 38 சாக்கு, 4.50 மணி என்று இருந்தது. கீழே அந்தப் பையனின் கையெழுத்து, தமிழில், முழுப் பெயராக. மறுநாள் காலையில் மாதர் சங்கத் தலைவி அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்து வைத்தார். யாரும் சொல்லி அல்ல, அவருக்கே தோன்றியிருக்கிறது. ஒரு கிழமை கழித்து நாம் அந்தப் புத்தகத்தைக் கேட்டபோது, அது முடிந்துவிட்டது, புதுப் புத்தகம் போட்டாயிற்று, பழையதைக் காணவில்லை என்றார்கள். போனில் இருந்த படம்தான் தொழில் திணைக்களம் வரை போனது. 14 மாதங்களுக்குப் பிறகு நட்டஈடு வந்தது. அவனுக்குக் கிடைக்க வேண்டியது முழுவதும் கிடைத்தது என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் ஒரு சதமும் வந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு லொறியின் ஒரு நாளைப் பற்றி எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று எண்ணிப் பார்த்து வருகிறோம். காலையில் லொறி எடுக்கும்போது ரனிங் சார்ட்டில் மீற்றர் எண் ஏறும். டீசல் அடித்தால் ஸ்டோரில் ஒரு கையெழுத்து, அல்லது பெற்றோல் செட் பற்றுச்சீட்டு. மடுவத்தில் சிட்டை. ஸ்டோரின் வாசலில் காவல்காரரின் புத்தகம். உள்ளே போனால் கொழுந்து பொறுப்பேற்கும் இடத்தில் மறுபடியும் எடை, நேரம். கராஜுக்குப் போனால் அங்கே ஒரு பில்: எந்த டயர், எந்த பிரேக் லைனிங், எப்போது மாற்றியது. லொறிக்கு வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. காப்புறுதிச் சான்றிதழ் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். இவை போக டிரைவரின் சம்பளக் கணக்கு, அவர் போனுக்கு வந்த அழைப்புகள். இப்போது பல லொறிகளில் ஜீபிஎஸ் கருவியும் இருக்கிறது. கொழுந்து வழியில் எங்கும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டியது. லொறி எங்கே நின்றது, எந்த வேகத்தில் போனது என்று நிமிடத்துக்கு நிமிடம் துரைமாரின் போனுக்கு வரும். விபத்து நடந்த அன்று மட்டும் அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு தடவை என்றால் நம்பலாம்.

எழுத்து இல்லாததால் நாம் தோற்பதில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறோம். ஒரு லொறியைச் சுற்றி அத்தனை எழுத்து இருக்கிறது. ஆனால் அத்தனையும் மற்றவர் கையில் இருக்கிறது. அதோடு பெரும்பாலானவை நெடுநாள் நிற்பவை அல்ல. சிட்டைப் புத்தகம் முடிந்துவிடும், கமராப் படம் மேல் படம் பதிந்து அழிந்துவிடும், பற்றுச்சீட்டின் மை வெளிறிவிடும். ஆள் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடதாசி எதற்கு வேண்டும் என்பது விளங்கும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் போகும்போது லொறி யாருடைய பிழையால் விழுந்தது என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. காயப்பட்டவர் தொழிலாளி என்பதும், வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அது நடந்தது என்பதும் போதும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதற்குள் வருகிறது. கொந்தராத்துக்காரரின் ஆள் என்று கைகழுவிவிடவும் முடியாது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்து மூலம் செய்விக்கும் முதலாளியிடமும் நட்டஈடு கேட்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கொழுந்து ஏற்றுவது தோட்டத்துத் தொழில் இல்லாமல் வேறு யாருடைய தொழில்? ஆகவே இந்த வழியில் போகிறவருக்கு வேண்டியது, அந்த நேரத்தில் அந்த ஆள் வேலையில் இருந்தார் என்று காட்டும் ஓர் எழுத்து. 4.50 மணி என்று எழுதிய அந்தச் சிட்டை போல.

வழக்குப் போடுவது வேறு. ரோட்டில் நடந்து போனவரை லொறி அடித்தாலோ, லொறிச் சொந்தக்காரரின் கவலையீனத்தால் விபத்து என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனாலோ, பிழையை நிரூபிக்க வேண்டும். பிரேக் பழுது என்று தெரிந்தும் ஓட விட்டார்களா, டிரைவருக்கு ஓய்வு கொடுத்தார்களா, அளவுக்கு மேல் ஏற்றினார்களா. இதற்குத்தான் கராஜ் பில்லும், ரனிங் சார்ட்டும், ஜீபிஎஸ் பதிவும். இப்படியான வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தொழிலாளி தன் முதலாளியிடம் இரண்டு வழியிலும் ஒரே காயத்துக்கு வாங்க முடியாது. ஆகவே எந்த வழி என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். காலம் தாழ்த்தி வந்து எம்மைக் கேட்பவர்களே அதிகம்.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு நமக்கு மிகவும் உதவும். ஒருவரிடம் இருக்கும் சான்றை அவர் நீதிமன்றத்தில் காட்டாமல் மறைத்தால், காட்டியிருந்தால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சும்மா இருந்தால் இந்தப் பிரிவு வேலை செய்யாது. அந்தப் புத்தகம் இருந்தது, நாம் கேட்டோம், அதற்குப் பிறகுதான் காணாமல் போனது என்று காட்ட வேண்டும். விபத்து நடந்த இரண்டொரு நாளிலேயே எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டில் இது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. அமெரிக்காவில் பாரவூர்திச் சாரதி ஒருவர் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லொறிகளில் எஞ்ஜினோடு இணைத்த மின்னணுக் கருவி அந்த நேரத்தைப் பதிகிறது. அந்தப் பதிவைக் கம்பனி 6 மாதம் வைத்திருக்க வேண்டும், விபத்துப் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்தவுடன் அங்குள்ள சட்டத்தரணி செய்யும் முதல் வேலை, எதையும் அழிக்காதே என்று கம்பனிக்குக் கடிதம் அனுப்புவது. ஏனென்றால் 6 மாதம் முடிந்தால் சட்டப்படியே அழித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். அதையும் கருவி பதிகிறது. அங்குள்ள முதலாளிகள் நல்லவர்கள் என்பதால் இது வரவில்லை. லொறி ஓடிய கணக்கு முதலாளியின் சொந்தக் கணக்கு அல்ல என்று சட்டம் போட வைத்தார்கள்.

நமது சாரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் லயத்தில் நாமே முதலில் திட்டுவது அவர்களைத்தான். பொலிஸ் பிடிப்பதும் அவர்களைத்தான். லொறிச் சொந்தக்காரர் பிணை எடுக்க வந்தால் அதுவே பெரிய உபகாரம் என்று நினைக்கும் நிலை. ஆனால் அந்த மனிதர் காலையில் ஆட்களை ஏற்றி மலைக்கு விட்டு, மூன்று நிறுவைக் கொழுந்தும் இறக்கி, இரவில் தேயிலைப் பெட்டியோடு கொழும்புக்கும் போய்வருபவராக இருக்கலாம். கொழுந்து சாக்கில் அதிக நேரம் கிடந்தால் சூடேறி வெந்துவிடும், அதனால் சீக்கிரம் வா என்று போனுக்கு மேல் போன் வரும். பிரேக் பிடிக்கவில்லை சேர் என்று மூன்று முறை வாயால் சொல்லியிருப்பார். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஆகவே டிரைவர் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. லொறியில் பழுது என்றால் ரனிங் சார்ட்டிலேயே எழுதுங்கள். எழுத விடாவிட்டால் திகதியோடு ஒரு எஸ்எம்எஸ் போடுங்கள். அது உங்களைச் சிறையிலிருந்தும், பின்னால் இருப்பவனை அநாதையாவதிலிருந்தும் காக்கலாம்.

இப்போது நமது பக்கத்துப் பிழைகள். மறைக்கத் தேவையில்லை. விபத்து நடந்த இரவே தலைவர்மார் சிலர் ஆபீசுக்குப் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வருகிறார்கள். சாவு வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை, பெட்டிக்கு ஒரு தொகை, பிள்ளைக்கு வேலை தருகிறோம் என்று ஒரு வாக்கு. குடும்பத்தார் ஒரு கடதாசியில் கையெழுத்து வைப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்ட ஆள் இருக்காது. சில வேளை அது வெற்றுத் தாள். மரணத்துக்கான நட்டஈடு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டுத்தான் குடும்பத்துக்குப் போக வேண்டும். சாவு வீட்டில் கையில் வைக்கும் பணம் அந்த நட்டஈடு அல்ல. அதை வாங்கலாம், வாங்கியதற்குக் கணக்கு வைக்கலாம், ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வசனத்துக்குக் கீழே கையெழுத்து வைக்கக் கூடாது. எந்தச் சங்கத்துத் தலைவராக இருந்தாலும், எம் சங்கமாகவே இருந்தாலும், அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுப்பவர் தொழிலாளி பக்கம் நிற்கவில்லை.

பொலிஸ் நிலையத்திலும் இதே கதைதான். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும், நம்மவர் தலையாட்டிக் கையெழுத்து வைப்பார். லொறியில் ‘பயணம் செய்தவர்’ என்று எழுதுவதற்கும் லொறியில் ‘வேலை செய்தவர்’ என்று எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் என்பது காப்புறுதிக் கம்பனியிடம் போகும்போதுதான் தெரியும். வேலைக்காக ஏற்றப்பட்டவரா, சும்மா ஏறியவரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. தமிழில் வாக்குமூலம் கொடுப்பது நமக்கு அரசியலமைப்பு தந்த உரிமை. முடியாதென்றால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, இதற்குள் புத்தகமும் சிட்டையுமா என்று கூட்டங்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆனால் இடுப்பு உடைந்த அந்தப் பையனுக்குச் சம்பள உயர்வால் இனி என்ன பயன்? இன்னொரு பயமும் உண்டு. அதிகம் கேட்டால் துரை லொறியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்திவிடுவார், நாம்தான் மலை வரை நடக்க வேண்டும் என்கிறார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தலையில் கூடையோடு 3 கிலோமீற்றர் நடக்கும் அக்காமாரிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. எனவே லொறியை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. லொறியின் கணக்கைக் காட்டு என்கிறோம்.

அதை எப்படிக் கேட்பது? 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு இப்படியான விஷயங்களை எழுதி வைக்க ஒரு மேசையே இல்லாமல் போயிற்று. மறுபடி எந்த மேசையில் உட்கார்ந்தாலும், கொழுந்தும் ஆட்களும் ஏற்றும் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓட்டப் புத்தகம், பழுதுப் புத்தகம், ஏறியவர் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும், அவற்றை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், விபத்து நடந்தால் 48 மணித்தியாலத்தில் சங்கத்துக்குப் பிரதி தர வேண்டும் என்பதை எமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொந்தராத்து லொறிக்கும் அதே விதி. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அவை அரச நிறுவனங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பொலிசையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் அதே சட்டத்தில் கேட்கலாம்.

அதுவரை நமது புத்தகம் ஒன்று இருக்கட்டும். 80 பக்கக் கொப்பி போதும். மடுவத்துக்கு அருகில் இருக்கும் யாராவது ஒருவர், தலைவரோ தலைவியோ, ஒவ்வொரு நாளும் திகதி, லொறி இலக்கம், டிரைவர் பெயர், ஏற்றிய ஆட்களின் பெயர், புறப்பட்ட நேரம், இவற்றை எழுதி வந்தால் போதும். கண்ட பழுதையும் எழுதலாம்: டயர் வழுக்கை, பின் கதவுக் கொளுக்கி இல்லை, லைட் இல்லை. அன்றன்றைக்கு எழுத வேண்டும், பிறகு நினைத்து எழுதக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பிழைத்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியாக எழுத வேண்டும். பாடசாலையில் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது போலத்தான்.

விபத்து நடந்தால் அனுப்ப வேண்டிய கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர், லொறி இலக்கம், திகதி ஆகியவற்றை மட்டும் நிரப்பினால் போதும். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி லொறிச் சொந்தக்காரருக்கு, ஒரு பிரதி பொலிசுக்கு. எமது மாவட்டக் காரியாலயத்தில் கேட்டு வாங்கலாம். அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மார், தங்கள் தோட்டத்தில் ஓடும் கொழுந்து லொறிகளின் இலக்கங்களையும் அவற்றின் சொந்தக்காரர் பெயர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சென்ற கூட்டத்தில் இதைக் கேட்டபோது பத்துப் பேரில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது.